வளர்ந்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வது?

கடையில் வாங்கும்போது சக்கர் மீன் விரல் நீளம்தான் இருக்கும். "தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பாசியைச் சுரண்டித் தின்பது உண்மைதான். ஆனால் கழிவும் நிறையப் போடும், ஒன்றரை அடி வரை வளரும். இரண்டடித் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடமிருக்காது. கொல்ல மனமில்லாமல் வாளியில் எடுத்துப்போய்க் கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இது தென் அமெரிக்க மீன். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. ஆண் மீன் கரைமண்ணைக் குடைந்து நீளமாக வளை தோண்டும். பெண் அதற்குள் முட்டையிடும். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகள் பெரும்பாலும் மண் கரைகள். வளைகள் பெருகினால் கரை பலமிழக்கும். கோடையில் கண்மாய் வற்றிக் கெண்டை செத்து மிதக்கும்போதும், இது காற்றை விழுங்கிக்கொண்டு சகதியில் உயிரோடு கிடக்கும். ஐப்பசி மழையில் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கும் இறங்கிவிடும். மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை எடுத்தவருக்கு இரட்டை நட்டம்: துடுப்பு முள் வலையில் மாட்டினால் கண்ணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த மீனையும் யாரும் வாங்க மாட்டார்கள்.

முதலில் வாங்கிய கடையில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள். ஆறடித் தொட்டியோ, நிழலில் மூடியுள்ள சிமெண்ட் தொட்டியோ வைத்திருப்பவர் கிடைத்தாலும் கொடுக்கலாம்.

யாருமே எடுக்காவிட்டால் வலியில்லாமல் கொல்வதே சரி. நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் கிடைக்கும். தனி வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மீனை அதில் விடுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. போதும். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான நீருடன் சேர்த்து, பால் நிறமாகும்வரை குலுக்குங்கள். முதலில் கால் பங்கு ஊற்றி, மீன் சாய்ந்ததும் மீதியை ஊற்றி வாளியை மூடுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டாம். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், அவசரப்பட்டால் மறுபடி பிழைத்துத் துடிக்கும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். எண்ணெய் ஏறிய மீனைப் பூனைக்குப் போடாதீர்கள்.

பாசிக்கு வேறு வழி இருக்கிறது. தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். மிச்சம் அழுகித்தான் பாசிக்கு உரமாகிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீரை வாய் அகன்ற டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். கண்ணாடிப் பாசியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துவிடலாம். பாசி தின்னும் மீன்தான் வேண்டுமென்றால் கறுப்பு மாலி நான்கு விடுங்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மை அதற்கு ஒத்துக்கொள்ளும். மாலி மாதம் ஒருமுறை குட்டி போடும். அதனால் வெளியேற்றும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் செடிக்கு ஊற்றுங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.