டின் மீனில் ஓவன் பாஸ்தா: உலராமல் சுட்டெடுக்கும் முறை

டின்னில் அடைத்த மீன், உலர்ந்த பாஸ்தா, பால், மைதா, வெண்ணெய், சீஸ் ஆகியவை கைவசம் இருந்தால், நான்கு பேருக்கு வயிறும் மனமும் நிறையும் ஓர் இரவு உணவைச் சமைத்துவிடலாம். வேகவைத்த பாஸ்தாவை வெள்ளை சாஸிலும் மீனிலும் புரட்டி, மேலே சீஸைத் தூவி, ஓவனில் சுட்டெடுப்பதுதான் வேலை. கேட்பதற்கு இவ்வளவு எளிதாக இருந்தும், மேலே கருகி, உள்ளே வறண்டு, கத்தியால் அறுத்தெடுக்க வேண்டிய கட்டியாக இது வந்து சேர்வதும் அடிக்கடி நடப்பதுதான். ஓவனுக்குள் போகும் நேரத்தில் இதிலுள்ள எல்லாமே ஏற்கெனவே வெந்தவை என்பதை மறந்துவிடுவதே அதற்குக் காரணம். மீன் டின்னிலேயே வெந்துவிட்டது, பாஸ்தா கொதிநீரில் வெந்துவிட்டது, சாஸும் அடுப்பில் காய்ச்சப்பட்டுவிட்டது. ஓவனுக்கு மிஞ்சியிருக்கும் பணி, உள்ளே சூடேற்றுவதும் மேற்புறத்தைச் சிவக்கவைப்பதும் மட்டுமே. அந்த நேரத்திற்குள் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெப்பமும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, போகப்போகும் ஈரத்தை முன்கூட்டியே சேர்த்துவைப்பதுதான் இந்தச் சமையலின் சூட்சுமம். கீழே சொல்லப்படும் அளவுகள் யாவும் அதை மனத்தில் வைத்தே தரப்பட்டுள்ளன.

நான்கு பேருக்கு 300 கிராம் பாஸ்தா, தலா 160 கிராம் அளவுள்ள இரண்டு டின் மீன், 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, 750 மில்லி லிட்டர் பால், 150 கிராம் செடார் சீஸ், நடுத்தர அளவுள்ள ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு கை நிறையப் பச்சைப் பட்டாணி அல்லது இனிப்புச் சோளம், ஒரு தேக்கரண்டி மஸ்டர்ட் (கடுகு விழுது), அரை எலுமிச்சம்பழம், மிளகுத்தூள், இரண்டு கைப்பிடி ரொட்டித் தூள் ஆகியவை வேண்டும். பாத்திரம் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் கொள்ளளவு உடையதாகவும், ஆழம் குறைந்து அகலம் மிகுந்ததாகவும் இருப்பது நல்லது. ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி சூடேறுவதற்குள் ஓரங்கள் காய்ந்துவிடும். சிவந்து மொறுமொறுக்கும் மேற்பரப்பும் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

மீனைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நிதானம் தேவை. பெரும்பாலோர் எடுப்பது டியூனா எனப்படும் சூரை மீனைத்தான். அது எண்ணெயிலும், உப்புநீரிலும், வெறும் நீரிலும் அடைத்துக் கிடைக்கிறது. எண்ணெயில் அடைத்ததே இந்தச் சமையலுக்கு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. மீனின் சதை மென்மையாக இருக்கும் என்பதோடு, வடித்தெடுத்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்கினால் மீனின் மணம் சாஸின் அடி வரை இறங்கும். உப்புநீரில் அடைத்ததைப் பயன்படுத்தினால், நீரை நன்றாகப் பிழிந்து வடித்துவிட்டு, சாஸில் உப்பே போடாமல் தொடங்க வேண்டும். டின்னின் மூடியைத் திறந்ததும் முழுவதும் எடுத்துவிடாமல், அந்த மூடியாலேயே மீனை உள்நோக்கி அழுத்திப் பிடித்துச் சாய்த்தால் திரவம் சிந்தாமல் வடியும். பிறகு மீனை ஒரு தட்டில் கொட்டி, முள்கரண்டியால் கட்டைவிரல் நகம் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துவைக்க வேண்டும். பொடியாக உதிர்த்துவிட்டால், பின்னால் கலக்கும்போது அது மேலும் நொறுங்கிச் சாஸில் கரைந்து, மீன் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும்.

சால்மன் டின்னும் இதற்கு அருமையாகப் பொருந்தும். அதில் முதுகெலும்பின் சிறு வளையங்களும் தோலும் அப்படியே இருப்பதைக் கண்டு சிலர் தயங்குவார்கள். டின்னை மூடியபின் மிக உயர்ந்த வெப்பத்தில் வேகவைப்பதால் அந்த எலும்புகள் விரலிடுக்கில் நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடுகின்றன. அவற்றில் கால்சியமும் மிகுதி. ஆகவே, பொறுக்கி எறிவதைவிட மசித்துச் சேர்ப்பதே மேல். மத்தியும் கானாங்கெளுத்தியும் மணம் தூக்கலான மீன்கள் என்பதால், அவற்றைப் பயன்படுத்தும்போது எலுமிச்சையையும் மஸ்டர்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். தக்காளிச் சாஸில் அடைத்த மீனை மட்டும் இங்கே தவிர்த்துவிடுங்கள்; அது பாலில் தயாரித்த சாஸின் நிறத்தையும் சுவையையும் ஒருசேரக் கெடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சமைப்பவர்கள் பாதரசத்தையும் கவனிக்க வேண்டும். வெள்ளை டியூனா எனப்படும் ஆல்பகோரில், ஸ்கிப்ஜாக் எனப்படும் சிறிய டியூனா வகையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பாதரசம் இருக்கிறது. சால்மனிலும் மத்தியிலும் அது மிகக் குறைவு. எந்த மீனானாலும், டின் உப்பியிருந்தாலோ, திறக்கும்போது திரவம் பீய்ச்சியடித்தாலோ, நாவில் வைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

பாஸ்தாவில் பென்னே, ஃபுசில்லி, ரிகடோனி, மக்கரோனி போன்ற குட்டையான வகைகளே உகந்தவை. குழலுக்குள்ளும் திருகுகளுக்குள்ளும் சாஸ் புகுந்து தங்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு என்ற கணக்கில் மூன்று லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, பாக்கெட்டில் குறிப்பிட்டுள்ள நேரத்தைவிட 3 நிமிடம் முன்னதாகவே பாஸ்தாவை இறக்கிவிட வேண்டும். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் இன்னும் வேகவில்லை என்று தோன்றும் பதம் அது. மீதி வேக்காட்டைச் சாஸின் ஈரமே ஓவனில் முடித்துக்கொடுக்கும். வடிப்பதற்கு முன் ஒரு கோப்பை பாஸ்தா நீரை எடுத்துவைக்க மறக்க வேண்டாம். பட்டாணியோ சோளமோ உறைந்த நிலையில் இருந்தால், கடைசி நிமிடத்தில் அதே கொதிநீரில் போட்டுச் சேர்த்தே வடித்துவிடலாம்.

இனி சாஸ். இதன் பெரும் பங்கு உழைப்பும் சுவையும் இங்கேதான் இருக்கின்றன. அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெயையும், இருந்தால் மீன் டின்னிலிருந்து வடித்த எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியையும் சேர்த்து உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை மிதமான தீயில் வதக்க வேண்டும். வெங்காயம் நிறம் மாறாமல் கண்ணாடிபோல் ஆவதற்கு 8 நிமிடமாவது பிடிக்கும். இதில் அவசரப்பட்டால் சாப்பிடும்போது நறுக்கென்று வெங்காயம் கடிபடும். பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கழித்து மைதாவைத் தூவி, பச்சை வாடை போகும்வரை, அதாவது சுமார் 2 நிமிடம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெண்ணெய் மைதாவின் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்துகொள்வதால்தான், பாலை ஊற்றும்போது மாவு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரிந்து நிற்கிறது. அதற்காகப் பாலை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடவும் கூடாது. முதலில் ஒரு சிறு கரண்டி அளவு ஊற்றிக் கிளறினால் அது இறுகிய பசையாகும்; அடுத்து இன்னும் கொஞ்சம், பின்னும் கொஞ்சம் என்று பசையைத் தளர்த்திக்கொண்டே போய், அது வழவழப்பான கூழாக மாறியபின் மீதிப் பாலைத் தாராளமாகச் சேர்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் கட்டி தட்டினால், வெங்காயம் போனாலும் போகட்டும் என்று வடிகட்டத் தேவையில்லை. அடுப்பை அணைத்துவிட்டு விஸ்க் எனப்படும் கம்பிக் கரண்டியால் ஒரு நிமிடம் வேகமாக அடித்தால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

சாஸ் கொதி வரும்வரை அதன் முழுக் கெட்டித்தன்மை தெரியாது. மாவிலுள்ள ஸ்டார்ச், கொதிநிலையை நெருங்கும்போதுதான் நன்கு உப்பி நீரைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, ஓரத்தில் குமிழி தோன்றியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் 4 அல்லது 5 நிமிடம் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் சாஸ் மெல்லிய படலமாக ஒட்டி, விரலால் இழுத்த கோடு சில நொடிகள் அழியாமல் நின்றால் பதம் சரி. அதற்குமேல் இறுகிவிட்டால், எடுத்துவைத்த பாஸ்தா நீரைச் சிறிது சிறிதாக ஊற்றித் தளர்த்த வேண்டும். தட்டில் பரிமாறும் சாஸுக்கு இது நீர்த்துப்போன பதமாகவே தோன்றும்; அந்தச் சந்தேகத்திற்கு இடம் கொடுத்து இன்னும் காய்ச்சுவதுதான் வறண்ட பாஸ்தாவுக்கு வழி.

அடுப்பை அணைத்தபிறகே சீஸில் மூன்றில் இரண்டு பங்கைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கி, கொழுப்பு பிரிந்து, திரிதிரியாகிவிடும். துருவியே விற்கப்படும் சீஸில் ஒட்டாமலிருப்பதற்காக ஸ்டார்ச் போன்ற பொடிகளைக் கலந்திருப்பார்கள் என்பதால், கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவிக்கொள்வது சாஸை மழமழப்பாக்கும். மொசரெல்லா நூலாக நீளுமே தவிர, சாஸுக்குச் சுவை தராது. வேண்டுமானால் மேலே தூவ மட்டும் வைத்துக்கொள்ளலாம். மஸ்டர்ட், மிளகுத்தூள், விருப்பமிருந்தால் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள், இறுதியாக எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து, அப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். மீனிலும் சீஸிலும் உள்ள உப்பே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். எலுமிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாலும் சீஸும் மாவும் சேர்ந்து தரும் மந்தத்தை உடைப்பது அந்தப் புளிப்புதான்.

அமெரிக்கச் சமையலறைகளில் இந்த வெள்ளை சாஸுக்குப் பதிலாக டின்னில் அடைத்த காளான் கிரீம் சூப்பை ஊற்றும் வழக்கம், 1934-இல் கேம்பெல் நிறுவனம் அந்த சூப்பை அறிமுகப்படுத்திய பிறகு வேரூன்றியது. நேரமே இல்லாத நாளில் அதுவும் குற்றமில்லை. ஆனால் அதில் உப்பு மிகுதி. ஒரு டின் சூப்புக்கு அரை டின் பாலாவது கலக்க வேண்டும்.

பாஸ்தாவையும் காய்களையும் முதலில் சாஸில் போட்டுப் புரட்டி, மீனைக் கடைசியாகச் சேர்த்து, இரண்டு மூன்று முறை அடியிலிருந்து மேலாக மெல்ல மடித்துவிட்டால் போதும். கலவை பாத்திரத்தில் தானாகப் பரவ வேண்டும். கரண்டியால் அழுத்திப் பரப்ப வேண்டியிருந்தால் இன்னும் அரைக் கோப்பை பாஸ்தா நீர் தேவை என்று பொருள். மீதிச் சீஸைத் தூவி, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயில் பிசறிய ரொட்டித் தூளைப் பரப்ப வேண்டும். வெறும் ரொட்டித் தூள் சிவக்காமல் காய்ந்துபோகும். கொழுப்புப் பட்டால்தான் சீராகப் பொன்னிறமாகும்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு, விசிறி உள்ள ஓவனாயின் 180 டிகிரிக்கு, முன்பே சூடாக்கிவைத்து, மேல் நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம் சுட வேண்டும். ஓரங்களில் சாஸ் கொப்புளித்து, மேற்புறம் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். எடுத்த கையோடு பரிமாறினால் சாஸ் தட்டெல்லாம் ஓடும். 10 நிமிடம் ஆறவிட்டால் அது பாஸ்தாவோடு ஒட்டி நிற்கும். ஓவன் இல்லாதவர்கள், அடி கனத்த அகலமான வாணலியில் மூடி போட்டுச் சிறு தீயில் 8 நிமிடம் வைத்து, தனியே வறுத்த ரொட்டித் தூளைப் பரிமாறும்போது தூவிக்கொள்ளலாம். சிவந்த சீஸ் மேலோடு கிடைக்காது என்றாலும் சுவை ஏறத்தாழ அதேதான்.

முந்தைய நாளே தயாரித்துவைப்பதாயின், கலவையில் கூடுதலாக 100 மில்லி லிட்டர் பால் சேர்த்து, ரொட்டித் தூள் மட்டும் போடாமல், ஆறியபின் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் அலுமினியத் தாளால் மூடி 20 நிமிடமும், தாளை நீக்கி ரொட்டித் தூள் தூவி மேலும் 20 நிமிடமும் சுட வேண்டும். மிஞ்சியதை 2 மணி நேரத்திற்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் வரை தாங்கும். சூடாக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி பாலைத் தெளித்து, மூடியே சூடாக்க வேண்டும். நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடேறிய பிறகு, மேற்புறம் மொறுமொறுப்பாக வேண்டுமென்பவர்கள் மூடியை நீக்கி ஓவனில் 5 நிமிடம் வைத்தெடுக்கலாம்.