லில்லிக் கிழங்குக்கு எந்த எண்?

கோத்தகிரியில் பூ விவசாயிகளுக்கு இறக்குமதிக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். நெதர்லாந்திலிருந்து லில்லிக் கிழங்கு வரவழைப்பவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, எச்.எஸ். கோடு என்ன போடணும்?" என்றுதான்.

சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண் அது; நம் நாட்டில் 8 இலக்கம். முதல் 2 அத்தியாயம், 4 வரை தலைப்பு, 6 வரை உட்தலைப்பு. இந்த ஆறும் உலக சுங்க அமைப்பு வகுத்தவை, கடைசி இரண்டு நம்முடையவை. அதனால் அனுப்புகிறவரின் இன்வாய்ஸில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். முதல் ஆறைச் சரிபார்த்துவிட்டு, மீதியை நம் சுங்க அட்டவணையில் தேடுங்கள்.

சரி, லில்லி. 06 உயிருள்ள செடிகள், 0601 கிழங்குகள். பெட்டிக்குள் முளைவிடாமல் உறங்கும் கிழங்கு என்றால் 0601 10. வளரத் தொடங்கியதோ பூத்ததோ என்றால் 0601 20.

பலரும் தாண்டிப் போவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள குறிப்பு. தயவுசெய்து அதைப் படியுங்கள். 6ஆம் அத்தியாயக் குறிப்பு உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. "நடத்தானே வாங்குறோம்" என்ற வாதம் அங்கே எடுபடாது: பூண்டு 0703 20, விதை உருளை 0701 10. கேரட் விதையோ 1209 91.

2011 முதல் சுய மதிப்பீடு, அதாவது வகையையும் வரியையும் நாமே கணக்கிட்டுச் சொல்லும் முறை என்பதால் எண்ணுக்குப் பொறுப்பு இறக்குமதியாளர்தான். சந்தேகம் தீரவில்லையா? சரக்கு கிளம்பும் முன்பே, எந்த எண் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள்.