பாரதிக்குச் சிறு வெண்கலச் சிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அடி உயர மார்பளவுச் சிலைதானே என்று அவசரப்படுகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது முகத்தில். முண்டாசும் முறுக்கு மீசையுமாக நாம் பழகிய ஓவியத்தை மட்டும் ஸ்தபதியிடம் கொடுத்தால், பக்கவாட்டு முகத்தை அவர் ஊகித்தே செய்ய வேண்டியிருக்கும். செல்லம்மாவோடு எடுத்துக்கொண்டது உட்பட, கிடைக்கிற சில புகைப்படங்களைப் பெரிதாக்கிக் கொடுங்கள். சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த மெழுகு உருவில் மீசையைக் கடைசியில் ஒட்டச் சொல்லுங்கள். அது இல்லாதபோதே மெழுகு முகத்தில் பாரதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மண் பூசிய பிறகு திருத்த வழியே கிடையாது.

சுவாமிமலையில் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் 4:4:1 என்ற அளவில் கலப்பது வழக்கம். கோடையில் எண்ணெயைக் குறைக்காவிட்டால் மீசை நுனி தொங்கிப்போகும். அந்த நுனியை 3 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இழுப்பதும் தவறு. உலோகம் அதுவரை ஓடாமல் வழியிலேயே உறைந்துவிடும். கொஞ்சம் தடிமனாக வார்த்து, பிறகு அரத்தால் ராவிக்கொள்ளலாம்.

மார்பளவுச் சிலையை உள்ளே வெற்றிடமில்லாமல் கனமாக வார்க்க வேண்டாம். எடை 30 கிலோவைத் தாண்டும், செலவும் ஏறும். அதைவிட மோசம், தடித்த இடம் கடைசியில் உறையும்போது கன்னத்தில் குழி விழும். உள்ளே மண் கரு வைத்து, மேலே 5 மில்லிமீட்டர் மெழுகு போதும். கருவைத் தாங்கும் ஆணிகளை மறந்தால் மெழுகு உருகியதும் கரு நகர்ந்து ஒரு பக்கம் ஓட்டை விழும். இரும்பு ஆணியென்றால் வார்த்த பிறகு துளைத்தெடுத்து வெண்கலத்தால் அடைக்க வேண்டும். விட்டுவைத்தால் சில மழைக்காலங்களில் நெற்றியில் துருக்கண்ணீர் வடியும்.

உலோகம் மெழுகின் எடையைப் போல் சுமார் 9 மடங்கு பிடிக்கும். ஊற்றும் வழிகளில் தங்குவது தனி. குறைவாக உருக்கிவிட்டுப் பாதியில் மறுபடி ஊற்றினால் ஒட்டாது, கோடு விழும்.

வண்டல் மண் பூச்சை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழல்தான் சரி. அச்சில் ஈரம் மிச்சமிருக்கும்போது ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1,100 டிகிரிக்கு மேலான உலோகம் பட்டதும் ஈரம் ஆவியாகிச் சீறும். ஊற்றுகிறவர் உயிருக்கே ஆபத்து. தப்பினாலும் சிலை முழுக்கச் சல்லடைத் துளை. மெழுகு வடிந்ததும் நிறுத்தாமல் நன்றாகச் சுட்டு, சூடு ஆறுமுன் ஊற்ற வேண்டும்.

பலகையில் 1882–1921 என்று ஆண்டு மட்டும் போடுங்கள். அவர் நள்ளிரவு கடந்து மறைந்ததால் செப்டம்பர் 11, 12 என்று இரு தேதிகளும் வழங்குகின்றன. கவிதை வரி பொறித்தால் ஒற்றெழுத்துகளை மெழுகிலேயே இருவர் சரிபார்க்கட்டும்.

பீடத்தில் இரும்பு போல்ட் வேண்டாம், பித்தளை போதும். பிறந்தநாள் வந்தால் தங்க நிறப் பெயின்ட் அடிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், கண் இமைக்கோடுகள் அடைபட்டுப் போகும். புளி போட்டுத் தேய்த்தாலும் மேல்நிறம் உரிந்துவிடும். மாலையை அன்றே கழற்றி, ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். கடலோர ஊர்களில் உப்பு படிந்து பச்சைப் பொடி கிளம்பும் என்பதால், ஆண்டுக்கொரு முறை மெல்லிய மெழுகுப் பூச்சு அவசியம்.