ரெனியூவலுக்கு இரண்டு மாதம் முன்பே பாலிசியைக் கையில் எடுங்கள்

கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு பிபி, என் மனைவிக்குச் சுகர். எங்கள் மருத்துவக் காப்பீட்டு பாலிசி ஜூன் மாதம் முடியும். ஆனால் ஏப்ரல் பாதியிலேயே அதை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன். வேறு கம்பெனிக்கு போர்ட் செய்வதென்றால், அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சி அறாமல் மாறுவதென்றால், ரெனியூவல் தேதிக்கு 45 நாளாவது முன்பு விண்ணப்பிக்க வேண்டும், 60 நாளுக்கு முன்னால் கூடாது என்றுதான் பாலிசிகளில் பொதுவாகப் போட்டிருக்கும். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு வாரம் கைவிட்டுப் போய்விடும்.

மாறுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது முதலில் பாலிசியின் வயதைப் பாருங்கள். நம் வயதில் பிரீமியத்தைவிட அதுதான் பெரிய விஷயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை அந்த நோய்களுக்குக் கிளைம் கிடைக்காது) அதிகபட்சம் 3 ஆண்டு என்று 2024 ஏப்ரலில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைத்தது. விடாமல் 5 ஆண்டு கட்டியிருந்தால், மோசடி நிரூபணமானால் ஒழிய, எதையோ சொல்லாமல் மறைத்தீர்கள் என்று கிளைமை மறுக்க முடியாது. விலை குறைவு என்று புதிதாக ஒரு பாலிசி வாங்கினால் இதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். போர்ட் செய்தால் கூடவே வரும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான். 5 லட்சத்தை 10 லட்சமாக்கினால், கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக உண்டு.

புதிய கம்பெனி நம் விண்ணப்பத்தை மறுக்கவும் கூடும். அதனால் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதை விடாதீர்கள். பதில் வராவிட்டால் தேதிக்குள் பழைய பிரீமியத்தைக் கட்டிவிடுங்கள். ஆண்டு பிரீமியத்தைத் தேதி தாண்டியும் கட்ட 30 நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் கட்டாமல் இருக்கும் அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளைம் கிடையாது.

சரி, ஒப்பிடுவது எப்படி? நான் கோடு போட்ட நோட்டில் கம்பெனிக்கு ஒரு பத்தி போட்டு, முதல் வரியில் ரூம் வாடகை வரம்பை எழுதுவேன். இதில்தான் பலருக்குப் பணம் போகிறது. 5 லட்சம் பாலிசியில் வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்தால், 12,000 மட்டும்தான் நம் கையிலிருந்து போகும் என்று தோன்றும். அப்படியில்லை. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள். அவை 1,60,000 என்றால் 1 லட்சம்தான் வரும். மொத்தம் 72,000 நம் தலையில். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவி, டெஸ்ட் செலவுகளை இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது என்பது விதி. டிஸ்சார்ஜ் அன்று கணக்குத் தாளை வாங்கி அதைச் சரிபாருங்கள்.

அடுத்த வரி கோ-பே. 20 சதவீதம் என்றால், 3 லட்சம் கிளைமில் 60,000 நாம் கொடுக்க வேண்டும். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சமாகிறது என்று இதற்குச் சம்மதிக்காதீர்கள். அப்புறம் கண்புரை, மூட்டு மாற்று இவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் தகவல் தாளிலேயே போட்டிருப்பார்கள்.

பிரீமியம் ஒப்பிடுவதில் இந்த முறை ஒரு நுணுக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம். அதற்கு முன் நீங்கள் கட்டியது 47,200 என்றால் அதில் 7,200 வரி, பிரீமியம் 40,000தான். இப்போது 44,000 கேட்டால் குறைந்ததுபோல் தெரியும், உண்மையில் 10 சதவீதம் ஏறியிருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஐஆர்டிஏஐயை முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் காரணம் கேட்டு மெயில் அனுப்புங்கள்.

காப்பீட்டுத் தொகை போதவில்லையா? பழையதைத் தொடாமல், 5 லட்சம் டிடக்டிபிள் வைத்து, அதாவது செலவு 5 லட்சத்தைத் தாண்டிய பிறகு மீதியைத் தரும்படி, ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி எடுப்பதே என் கருத்தில் நல்லது. வெறும் டாப்-அப் வேண்டாம். அதில் ஒவ்வொரு கிளைமும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர்கள், கம்பெனி குரூப் பாலிசியை அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றித் தரும்படி எச்ஆரிடம் இப்போதே கேளுங்கள். கடைசி நாள் வரை விட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு, சுகர் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஏஜென்ட் தானே 'இல்லை' என்று போட்டுவிட்டார். மறு வருடம் கிளைம் மறுக்கப்பட்டது. விண்ணப்பத்தில் நோய்ப் பகுதியை மட்டுமாவது நீங்களே எழுதுங்கள், மாத்திரைப் பெயர் உட்பட. அதன் நகலையும் முதல் வருட பாலிசியையும் ஒரே ஃபைலில் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டிவையுங்கள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்டரில் நிற்கப்போவது அவர்கள்தான்.