பரணின் இருட்டும் தொலைபேசிக் குரலும்

பாப் கிளார்க் 1974இல் இயக்கிய கனடியக் கிறிஸ்துமஸ் திகில் படமான ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ ப்ளூ-ரே வட்டை முதன்முறை பார்த்தபோது, பரண் காட்சிகள் வெறும் கறுப்பாகவே தெரிந்ததால், வட்டுதான் மோசம் என்று முடிவுகட்டிவிட்டேன். குறை என் இணைப்பில் இருந்தது. பிளேயர் படத்தின் ஒளியளவை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான முழு வீச்சில் அனுப்ப, தொலைக்காட்சி 16 முதல் 235 வரை மட்டுமே எதிர்பார்த்ததால், 16க்குக் கீழிருந்த நிழல் நுணுக்கங்கள் அனைத்தும் ஒரே கறுப்பாக அமுங்கிப்போயின. பிளேயரின் எச்டிஎம்ஐ அமைப்பை ‘லிமிடெட்’ (16 முதல் 235 வரை) என்று மாற்றியதும் ஆடுநாற்காலியின் விளிம்புகூடத் துலங்கியது. நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்தேன். பிலிமின் துகள்களைத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடுகின்றன.

ஒலிக்குத்தான் நெடுநேரம் பிடித்தது. படத்தின் மூல ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. தொலைபேசியில் வரும் அந்தக் குரல்களே அதன் உயிர். ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் என் ரிசீவர் அவற்றை ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பரப்பி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆக்கியிருந்தது. வட்டின் மெனுவில் மோனோ தடத்தைத் தேர்ந்து, ரிசீவரை, ஒலியை மாற்றாமல் அப்படியே தரும் ‘டைரக்ட்’ முறைக்கு மாற்றிய பிறகு, குரல் காதருகே பேசுவதுபோல் நெருக்கமாக ஒலித்தது. அன்றிரவே படத்தை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன்.