பக்கவிளைவை உருப்போட வேண்டாம்: ஆஸ்பிரினை வைத்துப் பழகுவோம்

மருந்தியல் படிக்கத் தொடங்கும் பலரும் மருந்தின் வேலையை ஒரு பக்கமும் பக்கவிளைவை மறுபக்கமும் எழுதி உருப்போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் இரண்டுமே மறந்துபோகும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு மாதிரி படிப்போம்.

படி 1: மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உடம்பை வரையுங்கள். காக்ஸ் என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களை உண்டாக்க உதவுகிறது. அடிபட்ட இடத்தில் இவை வலியையும் வீக்கத்தையும் கூட்டும். இரைப்பையிலோ சளிப்படலத்தைச் சுரக்கவைத்து, அமிலம் சுவரை அரிக்காமல் காக்கும்.

படி 2: மருந்து கைவைக்கும் இடத்தைக் குறியுங்கள். ஆஸ்பிரின் காக்ஸை முடக்குகிறது. 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் இதைக் காட்டினார், 1982இல் நோபல் பரிசும் பெற்றார். சரி, இப்போது புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே சொல்லுங்கள்: வலி குறையும்போது வயிற்றுக்கு என்ன ஆகும்? இரைப்பைப் புண் வருவதற்கான காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது.

படி 3: எவ்வளவு நாள் என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஆஸ்பிரின் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை, பாதி சுமார் 20 நிமிடத்தில் சிதைந்துவிடும். ஆனால் போவதற்குள் காக்ஸின்மேல் அசிட்டைல் தொகுதி என்ற தன் சிறு துண்டை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. மற்ற செல்கள் புது நொதி செய்துகொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டணுவுக்கு உட்கருவே இல்லை, அது எங்கே போய்ச் செய்யும்? தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அது முடங்கியே கிடக்கும். அதனால்தான் இதய நோயாளிக்குத் தினம் 75 மி.கி. போதுமானதாக இருக்கிறது. சில அறுவை சிகிச்சைகளுக்குப் பல நாள் முன்பே மருத்துவர் அதை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். இன்னொரு வலி மருந்தான இபுப்ரோஃபென் காக்ஸைப் பிடித்துவிட்டு விட்டுவிடும், அதன் விளைவு நீடிப்பதில்லை.

எல்லாப் பக்கவிளைவையும் இப்படி ஊகிக்க முடியாது. பெனிசிலின் ஒவ்வாமை அதன் வேலையிலிருந்து வருவதல்ல. அவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

படி 4: அப்புறம், ரத்த அழுத்த மருந்தான எனலாப்ரிலை நீங்களே வரைந்துபாருங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் II-ஐ ஏஸ் என்ற நொதி உண்டாக்குகிறது; எனலாப்ரில் அந்த நொதியைத் தடுத்தால் அழுத்தம் குறையும். அதே நொதிதான் இருமலைத் தூண்டக்கூடிய பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. சிதைக்க ஆளில்லாமல் அது சேர, வறட்டு இருமல் வரும். நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் II போய் ஒட்டும் ஏற்பியை மட்டும் அடைக்கும் லோசார்ட்டான் என்ற மருந்தில் இந்தத் தொல்லை அரிது. நாளை மருந்துக்கடை கவுன்ட்டரில் நீங்கள் நிற்கும்போது, வாரக்கணக்கில் இருமும் ஒருவர் மூன்றாவது சிரப் பாட்டில் கேட்டு வந்தால், என்ன பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் கேளுங்கள். எனலாப்ரில் என்றால், அதை அவராக நிறுத்தவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.