மட்டக்களப்பு, அம்பாறை மழைத் தரவைக் கணினியில் படமாக்கிப் படிக்கும் முறை

ஒரு நிலையத்தின் முப்பது வருடத் தினசரி மழைவீழ்ச்சி என்றால் ஏறத்தாழ 11,000 இலக்கங்கள். எக்செலில் திறந்து கீழே உருட்டிக்கொண்டு போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் பூச்சியம்தான். அதனால் பலரும் உடனே வருடக் கூட்டுத்தொகையை எடுத்து, முப்பது சலாகைகள் கொண்ட ஒரு வரைபைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கிழக்கு மாகாணத்தைப் பொறுத்தவரை அந்த வரைபு சொல்வதைவிட மறைப்பதே கூடுதல். தரவை அதன் மிகச் சிறிய அலகிலேயே முதலில் பார்க்க வேண்டும். கூட்டுவதும் சராசரி எடுப்பதும் அதற்குப் பிறகு.

1973 இல் பிரான்சிஸ் அன்ஸ்கொம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு அட்டவணைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 சோடி இலக்கங்கள். நான்குக்கும் இடை (சராசரி), மாறற்றிறன் (இலக்கங்களின் பரவல்), இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு, 0.816) எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. புள்ளியிட்டுப் பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைகோடு, மற்றொன்றில் ஒரேயொரு புள்ளி முழுக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறது, கடைசியில் ஒரு புள்ளியைத் தவிர மிச்சமெல்லாம் ஒரே நிலைக்குத்தில் நிற்கின்றன. மழைத் தரவில் இந்த நான்கு வடிவங்களும் ஒரே கோப்பிலேயே வரக்கூடும்.

தரவை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்

மழைப் பதிவேடுகள் வழக்கமாக ஒரு வருடத்துக்கு ஒரு தாள், 31 நிரை, 12 நிரல் என்ற அமைப்பில் இருக்கும். வாசிக்க வசதி, படமாக்க வசதியில்லை. உங்களுக்கு வேண்டியது நீளமான பட்டியல்: ஒரு நாளுக்கு ஒரு நிரை, திகதி, நிலையம், மில்லிமீற்றர், குறிப்பு என நான்கு நிரல்கள். எக்செலில் தரவை ஒழுங்குபடுத்தும் பவர் குவெரி என்ற கருவியைத் திறந்து, நாள் நிரலைத் தவிர மற்றவற்றைத் தெரிவுசெய்து ‘அன்பிவட்’ கொடுத்தால் இது ஒரு நிமிட வேலை. பெப்ரவரி 30, ஏப்ரல் 31 போன்ற இல்லாத நாட்களின் கட்டங்களில் ஏதாவது எழுதியிருந்தால் அவையும் பட்டியலில் முளைக்கும். அவற்றை நீக்கிவிடுங்கள். வெற்றுக் கட்டங்களை அன்பிவட் கைவிட்டுவிடும் என்பதால், அளக்காத நாட்களின் திகதிகளை வெற்று நிரையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

வெற்றுக் கட்டமும் பூச்சியமும் ஒன்றல்ல. வெற்றுக் கட்டம் என்றால் அன்று அளக்கவில்லை. பூச்சியம் என்றால் அளந்தார்கள், மழையில்லை. சில தாள்களில் அளக்க முடியாத தூறலுக்கு ‘டி’ என்று ஓர் எழுத்து இருக்கும். அதைப் பூச்சியமாக மாற்றலாம், ஆனால் குறிப்பு நிரலில் எழுதி வையுங்கள். வெற்றுக் கட்டத்தை மட்டும் ஒருபோதும் பூச்சியமாக்க வேண்டாம். வெள்ளம் வந்த கிழமையில் மழைமானிக்குப் போக வழியில்லாமல் பதிவு விடுபடுவது சாதாரணம். அங்கே பூச்சியம் போட்டால் மழை அதிகம் பெய்த நாட்கள்தான் வறண்ட நாட்களாகிவிடும்.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு தலையிடி. பழைய அலுவலகக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை. யூனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு. ‘கொக்கட்டிச்சோலை’ உங்கள் பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) இரண்டு தரம் வந்தால் காரணம் இதுதான். பைதனில் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தின் என்எஃப்சி சீராக்கத்தை (இரு வடிவையும் ஒன்றாக்குவது) ஒருமுறை ஓட்டினால் சரியாகும். பிரிவுகளைப் பெயரால் இணைக்காமல் குறியீட்டெண்ணால் இணைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எக்செல் தமிழைக் குலைத்துவிடுவதுண்டு. ‘டேட்டா’ பட்டியின் வழியாக உள்ளெடுத்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

முதற் படங்கள் பிழை தேடுவதற்கு

எந்தப் பதிலையும் தேடாமல், தரவு நம்பத்தக்கதா என்று மட்டும் பார்க்கும் படங்களை முதலில் போடுங்கள். வருடம் கீழ்நோக்கி, நாள் குறுக்காக ஒரு கட்டம். பதிவுள்ள நாள் வெள்ளை, இல்லாத நாள் கறுப்பு. எந்த நிலையத்தில் எந்தக் காலம் ஓட்டையாகக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். போர்க்காலத்து இடைவெளிகள் கறுப்புப் பட்டையாகவே நிற்கக்கூடும்.

அடுத்தது வலையுரு வரையம் (ஹிஸ்டோகிராம்): மழையளவைச் சம அகலக் கூடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் விழுகிறது என்று காட்டும் சலாகை வரைபு. பூச்சிய நாட்களை எண்ணி வேறாக எழுதிவிட்டு, மழை பெய்த நாட்களை மட்டும் எடுங்கள். கூடையின் அகலம் 5 மி.மீ. வைத்தால் ஒரு வடிவம் வரும். அதையே 0.5 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்; பதிவுசெய்தவரின் பழக்கம் தெரியும். 5, 10, 15 என்ற இடங்களில் முள்முள்ளாக எழும்பினால் வாசிப்பை முழு இலக்கமாக்கி எழுதியிருக்கிறார்கள். 25.4, 50.8 ஆகிய இடங்களில் எழும்பினால் அந்தக் காலத்து வாசிப்பு அங்குலத்தில் எடுக்கப்பட்டு மி.மீ.க்கு மாற்றப்பட்டது. முள் இல்லாமல், ஒரு காலகட்டத்தின் தொகைகள் எல்லாமே மிகச் சிறியனவாக இருந்தால் மாற்ற மறந்த அங்குலங்கள் உள்ளே கிடக்கின்றன என்று சந்தேகியுங்கள்.

மூன்றாவது, கிழமை நாள் வாரியான சராசரி. வானத்துக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். படத்தில் திங்கள் மட்டும் உயர்ந்து சனி, ஞாயிறு தாழ்ந்திருந்தால், விடுமுறை நாட்களில் அளக்காமல் திங்களன்று மொத்தமாக எழுதியிருக்கிறார்கள். மாதக் கூட்டுத்தொகைக்கு இதனால் கேடில்லை. ‘ஒரே நாளில் அதிகூடிய மழை’ என்ற கேள்விக்கு அந்த நிலையத்தைப் பயன்படுத்த முடியாது.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். மழைமானி வாசிப்பு காலை 8.30 க்கு. 10 ஆம் திகதி இரவு கொட்டிய மழை 11 ஆம் திகதி காலைதான் அளவில் வரும். நாசாவின் ஐமேர்க் செய்மதி மழைத் தரவின் நாளோ சர்வதேச நேரப்படி, அதாவது எங்கள் காலை 5.30 க்குத் தொடங்குகிறது. இரண்டையும் புள்ளி வரைபில் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். பிறகு ஒன்றை ஒரு நாள் நகர்த்தி மீண்டும் பாருங்கள். புள்ளிகள் எப்போது நெருங்குகின்றனவோ அதுதான் சரியான சோடி. செய்மதியும் நிலைய அளவீடும் சேர்த்துச் செய்த, இலவசமாகக் கிடைக்கும் சிர்ப்ஸ் மழைத் தரவு 1981 இலிருந்து உண்டு, ஒரு கட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. நிலையமில்லாத இடத்துக்கு மிக உதவும். ஆனால் ஒரு கட்டத்துக்கான சராசரி என்பதால் உச்ச மழையைத் தணித்துக் காட்டும்.

ஆண்டை ஒக்டோபரில் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துப்போவீர்கள் என்றால் இதை எடுங்கள். எங்கள் மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கி பெப்ரவரி வரை போகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் ஒரே பெரும்போகத்தின் (மழைக்கால நெற்போகம்) மழை இரண்டு சலாகைகளாக வெட்டுப்படும். 2010 டிசம்பரில் தொடங்கி 2011 ஜனவரி, பெப்ரவரி வரை நீண்ட பெருமழை அப்படித்தான் ஒரு பங்கு 2010 க்கும் மிச்சம் 2011 க்கும் போய், ஒரே பெருமழையாகத் தெரியாமல் போய்விடும்.

எக்செலில் புதிய நிரலொன்றில் திகதியுடன் மூன்று மாதம் கூட்டி அதன் வருடத்தை எடுங்கள் (ஈடேட், இயர் ஆகிய இரு சார்புகள் போதும்). 2010 ஒக்டோபர் முதல் 2011 செப்டெம்பர் வரை எல்லாம் 2011 என்று வரும். அதுவே நீராண்டு. இன்னொரு நிரலில் ஒக்டோபர் 1 இலிருந்து எத்தனையாவது நாள் என்பதை எழுதுங்கள்.

இப்போது பிவட் டேபிள்: நிரையில் நீராண்டு, நிரலில் ஒக்டோபரில் தொடங்கும் மாதங்கள், உள்ளே மி.மீ. கூட்டுத்தொகை. பக்கத்தில் அதே அமைப்பில் பதிவுள்ள நாட்களின் எண்ணிக்கையும் போடுங்கள். மூன்று நாளுக்கு மேல் விடுபட்ட மாதத்தின் கூட்டுத்தொகையை அழித்துவிடுவது நல்லது. பிறகு கொண்டிஷனல் ஃபோர்மெட்டிங்கில் நிறம் பூசுங்கள். எக்செல் முதலில் நீட்டும் சிவப்பு–மஞ்சள்–பச்சை வேண்டாம். வெள்ளத்துக்குப் பச்சை பூசும், சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெள்ளையிலிருந்து கடும் நீலம் வரை ஒரே நிறம் போதும். உச்ச எல்லையை ‘பெர்சென்டைல் 95’ (நூற்றுக்கு 95 மதிப்புகள் அதற்குக் கீழே இருக்கும் அளவு) என வையுங்கள். தானாக விட்டால் ஒரேயொரு பெருமழை மாதம் முழு நீலத்தையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வெளிற வைத்துவிடும்.

அதே தரவை இனித் திரண்ட கூட்டுத்தொகையாகப் பாருங்கள். நிரையில் நீராண்டு நாள், நிரலில் நீராண்டு, மதிப்பில் ‘ரன்னிங் டோட்டல் இன்’ தெரிவு. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1 இல் பூச்சியத்திலிருந்து ஏறும் ஒரு கோடாகும். எல்லாக் கோட்டையும் மெல்லிய சாம்பலாக்கி, ஆராயும் வருடத்தை மட்டும் கடும் நிறமாக்குங்கள். கோடு படிக்கட்டு மாதிரி ஏறும்: செங்குத்தான இடம் பெருமழை, தட்டையான இடம் மழை ஓய்வு. 2011 ஐக் கடுமையாக்கினால் ஜனவரியில் ஒரு பெரிய படியும், பெப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் ஒரு படியும் தெரியும்; அந்த வருடத்தின் இரண்டு வெள்ளங்கள் அவை. ஒரே கூட்டுத்தொகை உள்ள இரண்டு வருடங்களில் ஒன்று சாய்வாக ஏறியிருக்கும், மற்றது இரண்டே கிழமையில் ஏறியிருக்கும். வயலுக்கு அவை இரண்டும் வேறு வேறு வருடங்கள். கோடு நீண்ட நேரம் தட்டையாகக் கிடந்தால் வறட்சி என்று எழுதுமுன், முதலில் போட்ட கறுப்பு–வெள்ளைக் கட்டத்தை மறுபடி பாருங்கள்.

கோட்டின் மேல் நிகழ்வுகளையும் குறியுங்கள்: உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்த திகதி, மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் வெட்டிய திகதி. வாவியின் நீர்மட்டம் மட்டக்களப்பு நகரத்து மழையை மட்டும் கேட்டு ஏறுவதில்லை. அம்பாறைப் பக்கமும் அப்படித்தான். சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துக்கு வரும் கல்லோயாவின் நீர் ஊவா மலைப்பக்கத்து மழை. மழை, குளமட்டம், வாவிமட்டம் மூன்றையும் ஒரே வரைபில் இரட்டை அச்சு வைத்துத் திணிக்காதீர்கள். அச்சின் அளவை மாற்றினாலே இரண்டு கோடுகளையும் விரும்பியபடி ஒட்ட வைக்கலாம். மூன்று வரைபுகளாக, ஒரே திகதி அச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எது முந்தியது, எத்தனை நாள் பிந்தியது என்பதைக் கண்ணே எண்ணும்.

மழையும் விளைச்சலும்

குறுக்கே பெரும்போக மழை, நெடுக்கே ஏக்கருக்கு எத்தனை புசல். ஒரு போகத்துக்கு ஒரு புள்ளி. இணைபுக் குணகம் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் தொடர்பில்லை என்று மூடிவிட வேண்டாம். மழை குறைந்தாலும் விளைச்சல் விழும், வெள்ளம் வந்தாலும் விழும். புள்ளிகள் நடுவில் உயர்ந்து இரு ஓரத்திலும் தாழ்ந்தால் குணகம் அதைக் காணாது. புள்ளிகளுக்குப் பக்கத்தில் வருடத்தை எழுதுங்கள். ஒதுங்கி நிற்கும் புள்ளி எது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். மழையை மட்டும் நம்பும் மானாவாரி வயற்கண்டங்களையும் குளத்துநீர் பாயும் வயற்கண்டங்களையும் வேறு நிறத்தில் போடாவிட்டால் படம் வெறும் குழம்பல்.

வரைபடத்துக்கு முன் சிறு வரைபுகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலாளர் பிரிவுகள், அம்பாறையில் 20. பிரிவுவாரித் தரவு கைக்கு வந்ததும் நிறம் பூசிய வரைபடம் செய்யத்தான் கை போகும். ஆனால் காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற சனச்செறிவான பிரிவுகள் வரைபடத்தில் நகக்கண் அளவே. வெல்லாவெளி, வவுணதீவு பெரிய நிலமாக விரிந்து கண்ணை நிரப்பும். ஆட்கள் அதிகம் உள்ள இடம் காணாமல் போகிறது.

அதற்கு மாற்று, பிரிவுக்கு ஒரு சிறு வரைபு. இடது நிரலில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிரிவுகள், வலது நிரலில் கிழக்கேயுள்ள எழுவான்கரைப் பிரிவுகள், மேலே வாகரை, கீழே களுவாஞ்சிகுடி என்று இருப்பிடப்படியே அடுக்குங்கள். வாவிக்கு இரு பக்கமும் பரவிய பிரிவை நடுவில் வைக்கலாம். எல்லா வரைபுக்கும் நிலைக்குத்து அச்சு ஒரே அளவாக இருக்க வேண்டும். மென்பொருள் தானாக ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு வைத்தால் ஒப்பீடு பொய்யாகும்.

வரைபடம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். மழையல்லாமல் ஆட்கள் பற்றிய தரவென்றால் எண்ணிக்கையை அல்ல, வீதத்தைப் பூசுங்கள் (டெங்கு நோயாளர் என்றால் 1,000 பேருக்கு எத்தனை). சனத்தொகை மிகக் குறைந்த கிராம சேவகர் பிரிவுகளில் ஒன்றிரண்டு பேரால் வீதம் எகிறும் என்பதை மனதில் வையுங்கள். ‘கிராஜுவேட்டட்’ தெரிவில் சம இடைவெளி, சம எண்ணிக்கை, ஜெங்க்ஸ் (தரவின் இயல்பான இடைவெளிகளில் பிரிப்பது) என்ற வகுப்புப் பிரிக்கும் முறைகள் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஒரே தரவு மூன்று வேறு கதை சொன்னால் வகுப்பு எல்லைகளை நீங்களே முழு இலக்கங்களில் தீர்மானியுங்கள்.

நிலையங்களின் புள்ளிகள் மாவட்டத்தில் விழாவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. மட்டக்களப்பு நகரம் அகலாங்கு 7.7, நெட்டாங்கு 81.7 அளவில் உள்ளது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் புள்ளி ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். ஆள்கூறுகள் ஆறிலக்க மீற்றர்களாக இருந்தால் அவை இலங்கைத் தேசிய வலையில் உள்ளன. படலத்துக்கு (லேயர்) இபிஎஸ்ஜி 5235 என்ற ஆள்கூற்றுக் குறியீட்டைக் கொடுத்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி நின்றால் பழைய வலையின் 5234.

பைதனில் மேட்பிளொட்லிப் என்ற வரைபு நூலகம் கொண்டு வரைபவர்கள் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரிவுசெய்தாலும், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதைக் காணலாம். எழுத்துருவில் பிழையில்லை, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலையை அது வழமையாகச் செய்வதில்லை. தலைப்பும் அச்சுப் பெயரும் இல்லாமல் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் தமிழை எழுதுங்கள். வாட்சப்பில் அனுப்புவதென்றால் பிஎன்ஜி ஆக்கி, படமாக அல்லாமல் ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி அச்சு இலக்கங்கள் மங்கிவிடும்.